மின்னாற்றலா, மின்னழுத்தமா?

கோலாலம்பூர் செந்தூலில் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் ஒரு மாணவி தமிழில் அச்சடித்த பயிற்சித் தாளைக் கொண்டுவந்தாள். 4 நானோகூலூம் நேர் மின்னூட்டங்கள் இரண்டு, இடையே 2 மீட்டர். "நடுப்புள்ளியில் மின்னாற்றலைக் கணக்கிடுக" என்று கேள்வி. ஒவ்வொன்றாலும் 36, கூட்டினால் 72. எண் சரி. பக்கத்தில் ஜூல் என்று எழுதியிருந்தாள். "ஆற்றல்னா ஜூல்தானே சார்?" என்றாள்.

அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. வரவேண்டியது 72 வோல்ட். கேட்டிருக்க வேண்டியது மின்னழுத்தம். இந்த 'மின்னாற்றல்' என் கண்ணில் படுவது இது முதல் முறையும் அல்ல.

மின்னழுத்தத்துக்கு ஆங்கிலத்தில் எலெக்ட்ரிக் பொட்டென்ஷியல். பொட்டென்ஷியல் என்ற சொல்லின் வேர் லத்தீன். வலிமை என்று பொருள். மின்னியலில் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் நாட்டிங்காமில் மாவாலை நடத்திய ஜார்ஜ் கிரீன், 1828-இல். தமிழில் அழுத்து என்ற வினையிலிருந்து அழுத்தம், அதிலிருந்து மின்னழுத்தம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மாணவர்கள் இந்தச் சொல்லில்தான் படிக்கிறார்கள்.

நம் ஊரில் ஆற்றல் எப்படி நுழைந்தது? மலாய் வழியாக. மலாய்ப் பாடநூலில் இது 'கெஉபாயாஅன்'. அதற்குள் இருக்கும் 'உபாயா' நம் உபாயம்தான், வடமொழியிலிருந்து போனது. அன்றாட மலாயில் அதற்குத் திறன், ஆற்றல் என்று பொருள். மொழிபெயர்த்தவர் அகராதியைப் பார்த்து அப்படியே போட்டுவிட்டார்.

இதை ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் எனர்ஜி, மலாயில் 'தெனாகா'. தமிழ்ப்பள்ளியில் நாம் அதைச் சக்தி என்றே படித்தோம். ஆகவே ஆற்றல் சும்மாதானே கிடக்கிறது, எடுத்துக்கொண்டால் என்ன என்கிறார்கள். கிடக்கவில்லை. பேச்சில் சக்தியும் ஆற்றலும் ஒன்றுதான். தமிழ்நாட்டு இயற்பியல் நூல் எதைத் திறந்தாலும் ஆற்றலுக்கு அலகு ஜூல். நம் பிள்ளை இணையத்தில் ஒரு தமிழ்ப் பாடத்தைத் தேடிப் பார்த்தால் குழம்பாமல் என்ன செய்யும்?

அந்த நடுப்புள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 72 வோல்ட் இருக்கிறது. எதையும் கொண்டுபோய் வைக்காவிட்டாலும் இருக்கிறது. அது இடத்தின் குணம். 2 மைக்ரோகூலூம் நேர் மின்னூட்டத்தை அங்கே வைத்தால் நிலையாற்றல் 144 மைக்ரோஜூல். அதே அளவு எதிர் மின்னூட்டத்தை வைத்தால் −144. வைக்கும் பொருளுக்கு ஏற்ப ஆற்றல் மாறியது, மின்னழுத்தம் அசையவில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு இந்த வேறுபாட்டை எப்படி விளக்குவது?

அழுத்தம் என்றால் காற்றழுத்தம், இரத்த அழுத்தம் என்று குழம்பாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் முன்னால் 'மின்' நிற்கிறதே. மேலும், மாடித் தொட்டித் தண்ணீர் கீழ்க்குழாயை நோக்கி வருவதைப் போல, நேர் மின்னூட்டம் உயர்ந்த மின்னழுத்தத்திலிருந்து தாழ்ந்ததை நோக்கித் தள்ளப்படுகிறது. சொல்லே பாதி பாடத்தை நடத்திவிடுகிறது. இலங்கைத் தமிழர்கள் இன்னும் கவனமானவர்கள். காற்றுக்கும் நீருக்கும் அமுக்கம், மின்சாரத்துக்கு அழுத்தம் என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். நாமும் அதை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் ஆசை.

இதே தாளில் இன்னோர் இடத்தில் மின்புலம், அதாவது ஆங்கிலத்தில் எலெக்ட்ரிக் ஃபீல்டு, 'மின்வயல்' ஆகியிருந்தது. நெஞ்சு பொறுக்கவில்லை. வன்புலம், மென்புலம் என்று நிலத்தைப் பிரித்துச் சொன்ன மொழி இது. புலம்பெயர்ந்தோர் என்று நம்மையே அந்தச் சொல்லால்தான் அழைத்துக்கொள்கிறோம். புலம் இருக்க வயலுக்கு ஏன் போக வேண்டும்? மின்னூட்டத்தை, ஆங்கிலத்தில் சார்ஜ் என்பதால், 'கட்டணம்' என்று எழுதிய தாளும் என்னிடம் உண்டு. ஒரு கணக்கையாவது தானே போட்டுப் பார்த்த மொழிபெயர்ப்பாளர் அப்படி எழுத மாட்டார். விடையின் அலகே அவரைத் தடுத்திருக்கும்.

அந்தத் தாளில் 'மின்னாற்றல்' வந்த இடங்களையெல்லாம் அடித்துவிட்டு மின்னழுத்தம் என்று எழுதிக் கொடுத்தேன். அப்புறம் ஒரு மின்னூட்டத்தை மட்டும் எதிர் ஆக்கி மறுபடியும் போடச் சொன்னேன். மின்னழுத்தம் சுழி, மின்புலம் மீட்டருக்கு 72 வோல்ட். இரண்டையும் சரியாகப் போட்டாள், அலகோடு.