லேப்டாப்பில் லினக்ஸ் போடப்போகிறீர்களா? பென்டிரைவைச் செருகும் முன் இதைப் படியுங்கள்

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பைக் கேட்கிறது, இன்டெல் பிராசஸர் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையாவது இருக்கவேண்டும் என்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற லேப்டாப்பைத் தூக்கிப்போட மனசு வராதவர்கள், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் வகைகளான உபுண்டு, லினக்ஸ் மின்ட் பக்கம் வருகிறார்கள். ரொம்ப நல்ல விஷயம், எனக்கு மகிழ்ச்சிதான். லேப்டாப் சர்வீஸ் என் தொழில், லினக்ஸ் போட்டுக்கொடுப்பதும் அதில் ஒரு பகுதி. வைஃபை வரவில்லை, சத்தம் வரவில்லை என்று வருகிற லேப்டாப்களை எப்படியும் வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டிலேயே போட்டுப்பார்த்து, உள்ளே இருந்த புராஜெக்ட், குழந்தையின் போட்டோ, ஜிஎஸ்டி கணக்கு எல்லாம் போன பிறகு கொண்டுவருகிறார்களே, அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருப்பதில்லை. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து சிலவற்றைப் பார்த்திருந்தால் அந்தச் சேதத்தில் பெரும்பகுதி நடந்தே இருக்காது.

முதலில் பார்க்கவேண்டியது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைச் சாவி இல்லாமல் படிக்கமுடியாதபடி பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் 11இன் 24எச்2 வெளியீட்டிலிருந்து, புதிதாக விண்டோஸ் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலான லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்கிறது. ஹோம் பதிப்பிலும் இதேதான், அங்கே டிவைஸ் என்கிரிப்ஷன் என்று பெயர். யாரும் கேட்டு ஆன் செய்வதில்லை, ஆனில் இருப்பதே பலருக்குத் தெரியாது. லினக்ஸ் போடுவதற்காக ஒருவர் பயாஸுக்குள் (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு) போய், நம்பகமான ஓஎஸ்ஸை மட்டும் திறக்கவிடும் செக்யூர் பூட் என்ற வசதியை ஆஃப் செய்கிறார், அடுத்த முறை விண்டோஸைத் திறந்தால் நீலத் திரை வந்து 48 இலக்க ரெகவரி கீயைக் கொடு என்று நின்றுகொள்கிறது.

இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிற பையன் ஒருவர் இப்படித்தான் வந்தார். புராஜெக்ட் முழுக்க உள்ளே இருக்கிறது, பேக்கப் கிடையாது. ரெகவரி கீ வழக்கமாக மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் சேமித்திருக்கும், ஆகவே அவருடைய மெயில் ஐடிகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். திரையில் தெரிந்த கீ ஐடியோடு எதுவும் பொருந்தவில்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்ததில், லேப்டாப் வாங்கிய அன்று கடையில் இருந்தவரே ஒரு மெயில் ஐடி உருவாக்கி எல்லாவற்றையும் செட் செய்து கொடுத்தார் என்பது தெரியவந்தது. அந்த ஐடியும் இவருக்கு ஞாபகமில்லை, பாஸ்வேர்டும் தெரியாது. கடைசியில் எளிய வழி ஒன்றுதான் கைகொடுத்தது. பயாஸில் அவர் மாற்றியதை எல்லாம் பழையபடி வைத்தோம்: செக்யூர் பூட் ஆன், பூட் வரிசையில் விண்டோஸ் முதலில், பென்டிரைவ் வெளியே. விண்டோஸ் கீ கேட்காமலே திறந்துகொண்டது. லேப்டாப்பைப் பூட்டியபோது என்ன நிலையில் இருந்ததோ அதே நிலையில்தான் இப்போதும் பூட் ஆகிறதா என்று டிபிஎம் சிப் பார்க்கிறது, ஆம் என்றால் சாவியைத் தானே கொடுத்துவிடும், இல்லையென்றால் உங்களிடம் கேட்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் பயாஸில் கிளியர் டிபிஎம் என்று ஒரு வாய்ப்பு இருக்கிறது பாருங்கள், பதற்றத்தில் அதை அழுத்திவிட்டால் இந்த வழி அடைபட்டுப்போகும். அதை மட்டும் தொடவே தொடாதீர்கள். கீ எங்கேயும் இல்லையென்றால் மைக்ரோசாஃப்டாலும் திறந்துகொடுக்க முடியாது. பிட்லாக்கரை உடைத்துத் தருகிறேன் என்று எந்தக் கடையிலாவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆகவே விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்துக்குப் போய் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கீயை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் ஆஃப் செய்யுங்கள். பூட்டைக் கழற்றி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும், முழுசாக முடிகிறவரை ரீஸ்டார்ட் வேண்டாம். லினக்ஸுக்கான இடத்தையும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே சுருக்கி ஒதுக்குவது நல்லது.

அடுத்த ஆபத்து வேறு மாதிரி. பதினோராம் தலைமுறையும் அதற்குப் பிந்தைய இன்டெல் லேப்டாப்களும் பல, டிஸ்க்கை நிர்வகிக்கும் இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற அமைப்பு ஆனில் இருக்கும் நிலையிலேயே விற்பனைக்கு வருகின்றன. லினக்ஸ் இன்ஸ்டாலர் அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியைக் காட்டாமல் போகலாம். பட்டியலில் எது தெரிகிறதோ அதுதான் தன் டிஸ்க் என்று நினைத்துக்கொள்வது மனித இயல்பு. கல்யாண போட்டோ எடுக்கும் ஒருவர், பேக்கப் எடுத்த எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கை அப்படியே செருகி வைத்துவிட்டு இன்ஸ்டாலரைத் திறந்திருக்கிறார். உள் டிஸ்க் தெரியவில்லை, எக்ஸ்டர்னல் மட்டும் தெரிந்தது, டிஸ்க்கை அழித்துப் போடு என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டார். லேப்டாப்புக்குள் இருந்த விண்டோஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. போனது வாடிக்கையாளர்களின் கல்யாண போட்டோக்கள். கொஞ்சம் மீட்க முடிந்தது, முழுவதும் முடியவில்லை, கிடைத்தவையும் ஃபைல் பெயர் இல்லாமல் குப்பலாகத்தான் கிடைத்தன. பேக்கப் முடிந்ததும் அந்த டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டு வாருங்கள். இன்ஸ்டாலரில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை ஜிபி, எந்த கம்பெனி என்பதைப் படித்துவிட்டு அப்புறம் அழுத்துங்கள்.

உள் டிஸ்க் தெரியவில்லையென்றால் முதலில் லினக்ஸின் புதிய வெளியீட்டை முயன்று பாருங்கள், அதன் மையப் பகுதியான கெர்னல் புதியதாக இருந்தால் விஎம்டியைப் புரிந்துகொள்ளும். அப்படியும் வரவில்லையென்றால் பயாஸில் டிஸ்க் அமைப்பை ஏஎச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்றவேண்டியிருக்கும். சும்மா போய் மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் விழும். முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் என்ற கருவியைத் திறந்து சேஃப் பூட்டை டிக் செய்யுங்கள், ரீஸ்டார்ட் செய்து நேராக பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள், விண்டோஸ் சேஃப் மோடில் ஒருமுறை திறந்து அதற்கான டிரைவரை (வன்பொருளோடு பேசவைக்கும் சிறு மென்பொருள்) ஏற்றிக்கொள்ளும், பிறகு டிக்கை எடுத்துவிடலாம். சேஃப் மோடில் சில சமயம் பின் நம்பரை ஏற்காது, அதனால் கணக்கின் பாஸ்வேர்டைத் தெரிந்து வைத்துக்கொண்டு இறங்குங்கள். ஏசர் லேப்டாப்கள் சிலவற்றில் விஎம்டி வரியே பயாஸில் தெரியாது, மெயின் பக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் வெளியே வரும்.

விண்டோஸையும் லினக்ஸையும் சேர்த்து வைத்துக்கொள்கிறவர்கள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஆஃப் செய்துவிடுங்கள். அது ஆனில் இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், லினக்ஸிலிருந்து டி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. அதை ஏதோ ஒரு கட்டளை போட்டு வலுக்கட்டாயமாகத் திறந்தால் ஃபைல் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டுகிறது என்று பயந்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். லேப்டாப்புக்குள் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலக நேரத்திலும் விண்டோஸ் உள்ளூர் நேரத்திலும் வைக்கிறது, நமக்கு அந்த வித்தியாசம் 5.30 மணி நேரம். ஒரு பக்கத்து அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும், பேட்டரி மாற்றவேண்டியதில்லை.

போடுவதற்கு முன் லைவ் மோடில் ஒரு மணி நேரமாவது ஓட்டிப்பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். பென்டிரைவிலிருந்தே டெஸ்க்டாப் வந்துவிடும், டிஸ்க்கில் எதுவும் மாறாது. வைஃபை, சத்தம், கேமரா, டச்பேட், மூடித் திறந்தால் எழுகிறதா, வெளிச்சம் கூட்டும் பட்டன் வேலை செய்கிறதா, எல்லாவற்றையும் அங்கேயே பார்த்துவிடலாம். ஃபிங்கர்பிரின்ட் பல மாடல்களில் வேலை செய்யாது, அதையும் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள். பிராட்காம் பிசிஎம்43142 மாதிரியான வைஃபை சிப் இருந்தால் தனியாக டிரைவர் போடவேண்டும், அதற்கு நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும். போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் ஆன் செய்யுங்கள், போதும். ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ சிப் உள்ள சில லேப்டாப்களில் வைஃபை வரும், ஆனால் ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் நிற்கும். ஒரே ஒரு ஆன்டெனாவை மாட்டிவிட்டு அனுப்பியிருப்பார்கள், டிரைவரோ ஆன்டெனா மாட்டாத பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கும். எந்த ஆன்டெனா என்று டிரைவருக்கு ஒரு வரியில் சொல்லிவிட்டால் சிக்னல் முழுசாக ஏறிவிடும். இதற்காக வைஃபை கார்டையே மாற்றச் சொல்லிக் காசு வாங்குகிற இடங்களும் இருக்கின்றன, கவனமாக இருங்கள்.

என்விடியா கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்பில் கறுப்புத் திரை வந்தால் பயப்படவேண்டாம். உபுண்டுவில் சேஃப் கிராஃபிக்ஸ், மின்டில் கம்பேட்டிபிலிட்டி மோட் என்று பூட் மெனுவிலேயே இருக்கும், அதில் போட்டுவிட்டுப் பிறகு மின்டில் டிரைவர் மேனேஜரில், உபுண்டுவில் அடிஷனல் டிரைவர்ஸில் சரியான டிரைவரை ஏற்றலாம். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும், ரீஸ்டார்ட் ஆனதும் அந்த டிரைவரை அனுமதிக்கலாமா என்று கேட்க நீல நிறத்தில் எம்ஓகே என்று ஒரு திரை வரும். கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும். பார்த்துக்கொண்டே இருந்து என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்கவேண்டும். இதைத் தவறவிட்டுவிட்டு டிரைவர் போட்டும் வேலை செய்யவில்லை என்று மூன்று தடவை மறுபடி மறுபடி ஓஎஸ் போடுகிறவர்கள் நிறைய.

பழைய லேப்டாப் விஷயத்தில் ஒன்று சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் கொடுத்தவை இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அவற்றில் வந்தது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் ஃபார்மேட் செய்துவிட்டார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. இந்த மாதிரி லேப்டாப்பைத் தூக்கிவந்து லினக்ஸ் போட்டால் வேகமாகிவிடுமா என்று கேட்கிறார்கள். அவற்றில் இருப்பது சுற்றுகிற ஹார்டு டிஸ்க். லினக்ஸ் போடும் முன் அதன் ஸ்மார்ட் அறிக்கையை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் கணக்கைப் பாருங்கள், கெட்ட செக்டார்கள் ஏறிக்கொண்டிருந்தால் எந்த ஓஎஸ் போட்டாலும் நிற்காது, உள்ளே இருப்பதை முதலில் வெளியே எடுங்கள். சின்ன எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் போட்டு, அதில் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டால் பிள்ளைகள் படிக்க, தமிழ்99 விசைப்பலகையில் டைப் செய்யத் தாராளமாகப் போதும்.

டாலியில் முழு நேரம் வேலை செய்கிறவர்கள், போட்டோஷாப்பில் பிழைப்பு நடத்துகிறவர்கள், ஆன்லைன் தேர்வுக்கென்று தனி மென்பொருள் கேட்கும் கல்லூரியில் படிக்கிறவர்கள் விண்டோஸை அழிக்கவேண்டாம். சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸ் அப்டேட்டாலும் சில சமயம் தொல்லை வரும். 2024 ஆகஸ்ட் அப்டேட்டுக்குப் பிறகு பல லேப்டாப்களில் ஷிம், எஸ்பிஏடி என்று ஏதோ எழுத்து வந்து லினக்ஸ் திறக்க மறுத்தது. டேட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக ஆஃப் செய்து லினக்ஸைத் திறந்து அப்டேட் செய்ததில் பலருக்குச் சரியானது. அந்த நேரத்தில் பிட்லாக்கர் கீ கையில் இருந்தவர்களுக்கு அது பத்து நிமிட வேலை.

உதவி கேட்டு யாரிடம் போனாலும் திரையில் வந்த எழுத்தை முழுசாகப் போட்டோ எடுத்து, லேப்டாப்பின் அடியில் இருக்கும் மாடல் நம்பரையும் பயாஸில் நீங்கள் எதை எதை மாற்றினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஓடவில்லை என்று மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவர் கடைசி ஆயுதமாக ஃபார்மேட்டைத்தான் எடுப்பார்.