பைலான்னா என்ன? பைக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கா?

எங்க அப்பார்ட்மென்ட் மீட்டிங்ல செக்ரட்டரி எந்திரிச்சு "கார்ப்பரேஷன் பைலா படி இனிமே குப்பைய பிரிச்சுதான் குடுக்கணும்"னாரு, உடனே ரெண்டாவது மாடி மாமி "பிளாஸ்டிக் பைய 2019லயே தடை பண்ணியாச்சே, இப்ப என்ன புதுசா பை லா"ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சோம், நானும்தான், ஆனா அந்த நிமிஷம் யாராவது என்கிட்ட அர்த்தம் கேட்டிருந்தா திருதிருன்னு முழிச்சிருப்பேன். யாழ்ப்பாணத்து ஃபிரெண்டு ஒருத்தன்கிட்ட இத சொன்னா "எங்களுக்கு பைலா எண்டா ஆட்டம், பாட்டு"ங்கறான். அது போர்த்துக்கீசியர் வழியா இலங்கைக்கு வந்த வார்த்தை, நம்ம பைலா வேற.

சுருக்கமா சொன்னா, மேல இருக்கறவங்க குடுத்த அதிகாரத்த வச்சு உள்ளாட்சியோ சங்கமோ தன் எல்லைக்குள்ள மட்டும் செல்லுற மாதிரி போட்டுக்கற விதிதான் பைலா. குப்பை விஷயத்துலயே பாருங்க. பார்லிமென்ட் போட்டது 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்பு சட்டம், அதுக்குக் கீழ மத்திய அரசு 2016 ஏப்ரல்ல கொண்டு வந்தது திடக்கழிவு மேலாண்மை விதிகள், அந்த விதியிலயே 'ஒவ்வொரு உள்ளாட்சியும் ஒரு வருஷத்துக்குள்ள தனக்குன்னு பைலா போடணும்'னு இருந்துச்சு, சென்னை மாநகராட்சி பைலாவுல இருக்கற வருஷம் 2019. ஒரு வருஷம்னா ஒரு வருஷமா, நம்ம ஊர்ல!

மேல உள்ள விதி பொதுவா பேசும். 2016 விதியில மக்கும் குப்பை, மக்காத குப்பை, பழைய பேட்டரி பெயின்ட் டப்பா மாதிரி வீட்டு அபாய குப்பைன்னு மூணா பிரிக்கணும், ஒரு நாளைக்கு சராசரியா 100 கிலோவுக்கு மேல குப்பை வந்தா அந்த இடம் 'பெருமளவு கழிவு உருவாக்குபவர்' கணக்குல சேரும், இப்படி இருந்துச்சு. 100 பேருக்கு மேல கூடுற விசேஷத்த லைசென்ஸ் இல்லாத இடத்துல வச்சா மூணு வேலை நாளுக்கு முன்னாடியே உள்ளாட்சிக்கு சொல்லணும்னு கூட அதுல இருந்துச்சு, தெருவுல பந்தல் போட்டு காதுகுத்து நடத்துன எத்தன பேரு போய் சொன்னாங்கன்னு தெரியல. எங்க கொட்டுனா எவ்ளோ ஃபைன், வீட்டுக்கு மாசக் கட்டணம் எவ்ளோ, இதெல்லாம் பைலா வேலை. அதனாலதான் ஊருக்கு ஊர் மாறும். சென்னையில அந்தக் கட்டணத்த 2021 ஜனவரி 1லேர்ந்து வாங்கப் போறோம்னாங்க, எதிர்ப்பு கெளம்பினதும் அப்படியே நிறுத்தி வச்சாங்க.

இப்ப வார்த்தைக்கு வருவோம். 'லா' சட்டம், அது தெரியும். 'பை'ங்கறது இங்கிலீஷ்ல பக்கத்துலன்னு சொல்ற அந்த பை இல்ல. டென்மார்க், நார்வே பக்கத்துலேர்ந்து வந்த வைக்கிங்குகள் இங்கிலாந்துல குடியேறினப்ப கூடவே கொண்டு வந்த பழைய நார்ஸ் மொழிச் சொல்லுன்னு சொல்றாங்க, அர்த்தம் ஊர், குடியிருப்பு. விட்பி, கிரிம்ஸ்பி, டார்பின்னு அந்தப் பக்கத்து ஊர்ப்பேர் கடைசியில வர்ற 'பி'யும் அதேதான், நம்ம பட்டி, பாக்கம் மாதிரி. டென்மார்க்ல இன்னிக்கும் டவுனுக்கு அதான் பேரு. ஆக பைலான்னா ஊர்ச்சட்டம். பின்னாடி இங்கிலீஷ்காரங்களே அத பக்கத்துல இருக்கறது, துணையா இருக்கறதுன்னு நெனச்சுக்கிட்டாங்க.

தமிழ்ல அரசாணையிலயும் கூட்டுறவு சங்கத்துலயும் புழங்குற சொல் 'துணைவிதி'. தப்புன்னு சொல்ல மாட்டேன், விதிக்குக் கீழ வர்றதால சட்டப்படி பொருந்துது, எழுதறப்போ இதையே எழுதுங்க. ஆனா இதுல ஊர் காணாம போயிடுச்சுங்கறது என் வருத்தம். உள்ளாட்சி போடுறதுக்கு மட்டுமாவது 'ஊர்விதி'ன்னு சொன்னா மாமிக்கும் ஒடனே புரிஞ்சிருக்கும், ஊர்க்கட்டுப்பாடுன்னு நம்ம சொல்றதில்லையா என்ன.

பழைய சொல் ஒண்ணும் இருக்கு. காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூர் கல்வெட்டு, குடவோலை முறைன்னு ஸ்கூல்ல படிச்சிருப்போமே, முதலாம் பராந்தகன் காலம், 919லயும் 921லயும் வெட்டினது. ஊர் சபை கூடி யார வாரியத்துக்கு எடுக்கலாம், கணக்கு காட்டாதவன எடுக்கக் கூடாதுன்னு தனக்குத் தானே விதி போட்டுக்குது. அப்படி விதி போட்டத அந்தக் கல்வெட்டு சொல்றது 'வ்யவஸ்தை செய்தோம்'னு. சமஸ்கிருதச் சொல்தான், ஏற்பாடு, ஒழுங்குன்னு அர்த்தம், ஆனா காரியம் அச்சு அசல் பைலா காரியம். அந்தச் சொல் செத்துப் போகல, நம்ம வாயில 'வெவஸ்தை'யா திரிஞ்சு திட்டறதுக்கு மட்டும் நிக்குது.

மீட்டிங் முடிஞ்ச மறுநாள் காலையில பார்க்கிங்ல எவனோ பிரியாணி டப்பா, எலும்பு, டயப்பர் எல்லாத்தையும் ஒரே கவர்ல கட்டி வீசிட்டுப் போயிருந்தான், நாய் இழுத்துப் போட்டு தரையெல்லாம் சோறு. தூய்மைப் பணியாளர் அக்கா குனிஞ்சு வெறுங்கையால பொறுக்கிட்டு இருந்தாங்க. மாமி பால்கனியிலேர்ந்து கத்துனாங்க, "இந்த பில்டிங்ல வெவஸ்தைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

இருக்கு மாமி. 2019லயே போட்டாச்சு.