பரம்பரையலகுச் சீராக்கம்

யாழ்ப்பாணத்து இளமாணி மாணவர் தரும் ஆய்வுச் சுருக்கங்களைத் தமிழில் திருத்திக் கொடுப்பவன் நான். முலையூட்டிகளின் மூளை விருத்தி பற்றி எது வந்தாலும், ‘ஜீன் ரெகுலேசன்’ (ஜீன் என்பது பரம்பரையலகு) அதில் ‘மரபணுக் கட்டுப்பாடு’ ஆகிவிடுகிறது. குடும்பக் கட்டுப்பாடு, விலைக் கட்டுப்பாடு வரிசையில் இதுவும் ஒன்றென்று வாசிப்பவர் நினைத்தால் பிழை அவரிடமில்லை.

ரெகுலேசனின் வேர் ‘ரெகுலா’ என்ற இலத்தீன் சொல்: அடிமட்டம், அதிலிருந்து விதி. ஜீன் என்ற சொல் 1909இல் டென்மார்க்கின் யோகான்சன் ஆக்கியது. அது எப்போது இயங்கும், எப்போது ஓயும் என்பதைப் பற்றீரியாவில் வைத்து பிரெஞ்சு அறிஞர்களான ஜாக்கோபும் மொனோவும் 1961இல் விளக்கினர். வரலாறு இவ்வளவு போதும்.

கட்டுப்பாடு என்றால் எல்லை மீறாமல் தடுப்பது. மூளையில் நடப்பது அதுமட்டுமா? ஈரல் கலத்திலும் நரம்புக் கலத்திலும் இருப்பது ஒரே டீஎன்ஏதான். ரெஸ்ற் என்னும் புரதம், நரம்பல்லாத கலங்களில் நரம்புக்குரிய பரம்பரையலகுகளை அடக்கி வைக்கிறது. அதைக் கட்டுப்பாடு என்றாலும் பொறுக்கலாம். பக்ஸ்-6 என்னும் பரம்பரையலகு முளையத்தின் மூளையில் வேறு பரம்பரையலகுகளைத் தட்டி எழுப்புகிறதே, அதுவும் கட்டுப்பாடா? சுண்டெலியில் பக்ஸ்-6இன் இரு பிரதிகளில் ஒன்று பழுதானால் கண் சிறுக்கும். இரண்டும் பழுதானால் கண்ணே இல்லை, மூளைய மேற்பட்டையும் குழம்பும். மிகையானாலும் கண்ணுக்குக் கேடுதான். கூடாமல் குறையாமல், உரிய இடத்தில், உரிய வேளையில் நடக்கச் செய்வதற்குத் தமிழில் சீராக்கம் என்று பெயர். வெப்பச்சீராக்கம், பிரசாரணச் சீராக்கம் என்று உயர்தரத்தில் படித்த சொல்தானே! பல்கலைக்கழக வாசலில் அதை எங்கே தொலைக்கிறார்கள்?

‘கட்டுப்பாடு என்றால்தான் எல்லாருக்கும் விளங்கும்’ என்பார்கள். விளங்குவது வேறு பொருள் ஐயா. ஒப்பீட்டுக்கு வைத்த எலிகளும் அதே தாளில் ‘கட்டுப்பாட்டுக் குழு’. ‘கட்டுப்பாட்டுக் குழுவில் கட்டுப்பாடு மாறவில்லை’ என்ற வரியை அண்மையில் வெட்டினேன். எழுதியவருக்கே அது விளங்கியிராது.

மரபணுவிலும் எனக்கு மனமில்லை. அணு என்றதும் இரசாயன வகுப்புத்தான் நினைவில் வரும். அலகு என்பதே பொருந்தும். ஆனால் இயந்திரம் மொழிபெயர்த்துத் தந்ததை அப்படியே ஒட்டுபவருக்கு இந்தக் கவலை ஏது? ஒரே பந்தியில் ‘பாலூட்டி’யும் ‘முலையூட்டி’யும், ‘செல்’லும் ‘கல’மும் கைகோத்து நிற்கின்றன.

சீராக்கம் என்று வைத்துக்கொண்டால் மற்றவற்றுக்கும் இடம் கிடைக்கும்: அடக்குவது அடக்கி, ஏவுவது ஏவி, இரண்டுக்கும் பொதுப்பெயர் சீராக்கி.