ஆறட்டும் என்று வைத்த நூடுல்ஸ்

இந்தக் கோடையில் இது மூன்றாவது குடும்பம். அம்மா, அப்பா, கல்லூரியில் படிக்கும் மகள் என மூன்று பேரும் கிளினிக் வாசல் பெஞ்சில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றரை மணிக்குச் சாப்பாடு, மூன்றரைக்கெல்லாம் வாந்தி.

"வெளியில எதுவும் சாப்பிடல டாக்டர். ஹெல்தியா இருக்கட்டும்னு நான்தான் டோஃபு, அதான் சோயா பன்னீர், போட்டு கோல்டு நூடுல்ஸ் சாலட் பண்ணேன்" என்றாள் மகள்.

"நூடுல்ஸை எப்ப வேக வச்சே?"

"நேத்து ராத்திரி பத்து மணிக்கு. ஆறட்டும்னு மூடி வச்சுட்டுத் தூங்கிட்டேன். காலையில எடுத்து ஃப்ரிட்ஜ்ல வச்சேன்."

இந்த 'ஆறட்டும்னு' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் தலைவலி வருகிறது.

சாலட் மீது எனக்குக் கோபமில்லை. நல்ல உணவு, வெயிலுக்கு ஏற்றதும்கூட. ஜப்பானில் ஹியாஷி சூக்கா என்று கோடைக்கென்றே ஒரு குளிர் நூடுல்ஸ் உண்டு. வெந்ததும் நூடுல்ஸைக் குளிர்ந்த நீரில் அலசி, சூடு முழுவதும் போனபிறகுதான் தட்டில் வைப்பார்கள். சீனாவின் சிச்சுவானில் எண்ணெய் விட்டுப் பிரித்து, விசிறியால் விசிறி ஆற வைக்கிறார்கள். இரண்டிலும் செய்முறையே சீக்கிரம் ஆற வைப்பதுதான். நாம் செய்முறையைப் படிக்கிறோம், அந்த ஒரு வரியை மட்டும் தாண்டிவிடுகிறோம்.

வேக வைத்த சோற்றிலும் நூடுல்ஸிலும் பாசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைகள் கொதியைத் தாங்கிக்கொண்டு உயிரோடு இருக்கும். மூடிய பாத்திரத்தின் வெதுவெதுப்பில் அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். அவ்வளவுதான் விஷயம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும், அன்றைக்கும் வந்தது. அப்பா கேட்டார்: "எங்க அப்பத்தா ராத்திரி பூரா பழைய சோறு வெளியதானே வச்சாங்க? எங்களுக்கு என்ன ஆச்சு?"

இந்த ஒப்பீட்டை வாரத்துக்கு இரண்டு தடவை கேட்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். பழைய சோறு வெறுமனே வெளியே கிடந்த சோறு இல்லை. ஆறிய சோற்றில் தண்ணீரை ஊற்றி மூழ்க வைக்கிறோம். அந்த நீரில் லாக்டிக் அமிலம் சுரக்கும் பாக்டீரியாக்கள் வளர்ந்து புளிப்பேற்றுகின்றன, தயிரில் நடப்பதைப் போல. அந்தப் புளிப்பு மற்ற கிருமிகளை அடக்கி வைக்கிறது. அதிலும் நூற்றுக்கு நூறு உத்தரவாதம் கிடையாது. ஆனாலும் அங்கே ஒரு காவல் இருக்கிறது. உங்கள் நூடுல்ஸில் என்ன இருக்கிறது? தண்ணீர் வடித்தாயிற்று, ஒட்டாமலிருக்க ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டாயிற்று, மூடியாயிற்று. புளிப்பும் இல்லை, காவலும் இல்லை. காலையில் எலுமிச்சை பிழிந்தேன், வினிகர் விட்டேன் என்பீர்கள். ராத்திரியே ஊறிவிட்ட நஞ்சை எலுமிச்சை ஒன்றும் செய்யாது. "மோந்து பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு" என்பதும் வேண்டாம். இந்த நஞ்சுக்கு வாடையே கிடையாது.

அப்படியானால் சூடு பண்ணிச் சாப்பிட்டுவிடலாமா? கூடாது. குக்கரில் வைத்தாலும் அசையாத நஞ்சு அது. 2008இல் பிரஸ்ஸல்ஸில் 20 வயது மாணவர் ஒருவர், ஐந்து நாள் சமையலறையிலேயே வெளியில் இருந்த ஸ்பகெட்டியை மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிட்டார். மறுநாள் விடிவதற்குள் இறந்துபோனார், கல்லீரல் பாதிக்கப்பட்டிருந்தது. அது மிக அரிது, பெரும்பாலானவர்கள் ஒரே நாளில் தேறிவிடுகிறார்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 'சூடு பண்ணினா எல்லாம் செத்துடும்' என்ற நம்பிக்கையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அடுத்தது டோஃபு. "சைவம்தானே டாக்டர், அது எப்படிக் கெடும்?" ஐயா, கிருமிக்குச் சைவம் அசைவம் தெரியாது. டோஃபுவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், மிச்சத்தில் நல்ல புரதம், புளிப்பே இல்லை. கிருமிக்கு இதைவிட நல்ல விருந்து வேண்டுமா? 1981 கடைசியிலும் 1982 தொடக்கத்திலும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டோஃபு சாப்பிட்டவர்களிடையே யெர்சினியா என்ற குடல் தொற்று பரவியது. டோஃபுவோடு பாக்கெட்டில் விட்டு அடைத்த, சுத்திகரிக்காத ஊற்று நீரில்தான் கிருமி இருந்தது. ஆகவே பாக்கெட்டில் இருக்கும் தண்ணீரை அப்படியே கொட்டிவிடுங்கள். சாலடுக்கென்றால் உப்புப் போட்ட கொதிநீரில் டோஃபுவை ஐந்து நிமிடம் விட்டு எடுத்து, பிறகு குளிர வையுங்கள், உடையாமலும் இருக்கும். பிரித்த பாக்கெட்டில் மிச்சமிருந்தால் நல்ல தண்ணீரில் மூழ்க வைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். தினம் தண்ணீர் மாற்றினால் மூன்று நாள் தாங்கும். கடையில் வாளித் தண்ணீரில் மிதக்கும் டோஃபு பக்கமே போகாதீர்கள்.

இன்னொன்று, இதை யாரும் யோசிப்பதே இல்லை. நூடுல்ஸை எந்தத் தண்ணீரில் அலசினீர்கள்? மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரிலா? குழம்பென்றால் அப்புறம் கொதிக்கும், பரவாயில்லை. இது மறுபடி அடுப்பைப் பார்க்காத உணவு. குடிக்கிற தண்ணீரில், அதுவும் காய்ச்சி ஆற வைத்து ஃப்ரிட்ஜில் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். கடை ஐஸ் வேண்டாம். வெள்ளரிக்காயும் கொத்தமல்லியும் அதே தண்ணீரில் கழுவப்பட வேண்டும். முளைகட்டிய பயறு போடுவதானால் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுங்கள். கர்ப்பிணிகள் வீட்டில் இருந்தால் பச்சை முளைப்பயறு வேண்டவே வேண்டாம்.

அலசி வடித்ததும் அகலமான தாம்பாளத்தில் பரப்பி, உடனே ஃப்ரிட்ஜில். இளஞ்சூடாக வைத்தால் ஃப்ரிட்ஜ் கெட்டுவிடும் என்று அம்மாக்கள் சொல்வார்கள். கெடாது. வயிறு கெடுவதற்குப் பதில் ஃப்ரிட்ஜ் கொஞ்சம் கூடுதலாக உழைத்தால் தப்பில்லை. ஆனால் மாவு, தேங்காய், பால் என்று திணித்து வைத்திருக்கும் ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே போகவே போகாது, அதையும் பாருங்கள்.

வெளியே எடுத்த சாலட் இரண்டு மணி நேரம்தான். சென்னை வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் ஒரே மணி நேரம். காலை எட்டு மணிக்கு டப்பாவில் கட்டி மதியம் ஒரு மணிக்கு ஆபீசில் திறப்பவர்களே, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் அன்றைக்கு எலுமிச்சை சாதம் கொண்டு போங்கள், சூடாக ஃபிளாஸ்க் டப்பாவில்.

வேர்க்கடலை, எள் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்தச் சாலட் கொடுக்கும்முன் சாஸில் என்ன இருக்கிறதென்று கேளுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் மாத்திரைக்கும் டோஃபுவுக்கும் நடுவே சில மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

மீறி வாந்தி வந்துவிட்டால், "ஒரு ஊசி, ஒரு ஆன்டிபயாடிக்" என்று மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள். நஞ்சை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்றை அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரைத்து, மடக்கு மடக்காகக் குடியுங்கள். பொட்டலம் இல்லையா? ஒரு லிட்டருக்கு ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எதுவுமே வயிற்றில் தங்காவிட்டாலோ, ஆறேழு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வரும்போது என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் சொன்னால் போதாது. அதை எத்தனை மணிக்குச் சமைத்தீர்கள், எத்தனை மணிக்கு ஃப்ரிட்ஜில் வைத்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.