வெளுத்த சுவர் காய்ந்த சுவர் அல்ல

காய்ந்த செங்கல் ஒன்றின் மேல் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். பட்ட இடம் சட்டென்று அடர்சிவப்பாகிவிடும். தண்ணீருக்கோ நிறமில்லை. நடந்தது இவ்வளவுதான்: நுண்துளைகளில் இருந்த காற்றை விரட்டிவிட்டுத் தண்ணீர் அங்கே உட்கார்ந்துகொண்டது.

செங்கல், மணல், சிமெண்ட் பூச்சு எல்லாவற்றிலும் இருக்கும் கனிமத் துகள்களின் ஒளிவிலகல் எண் (ஒளி உள்ளே எவ்வளவு வேகம் குறைகிறது என்பதன் அளவு) ஏறத்தாழ 1.5. காற்றுக்கு 1. இந்த வித்தியாசம் பெரிது என்பதால் ஒளி துகளுக்குத் துகள் பலமாகச் சிதறி, ஆழம் போகாமலே வெளியே வந்துவிடும். காய்ந்த செங்கல் வெளிறித் தெரிவது அதனால்தான். தண்ணீரின் எண் 1.33. வித்தியாசம் குறைந்ததும் ஒளி லேசாகத் திசைமாறி உள்ளே உள்ளே போகிறது. போகிற வழியெல்லாம் செங்கலின் இரும்பு ஆக்சைடு நீலத்தையும் பச்சையையும் விழுங்குகிறது. மேலே நீர்ப்படலம் நின்றால் இன்னொரு விளைவும் சேரும். 48.6 பாகைக்கு மேல் சாய்ந்து வெளியேறப் பார்க்கும் ஒளி, படலத்தின் மேல்முகத்தில் முட்டி மறுபடி செங்கலுக்கே திரும்பிவிடும். 1925-இலேயே ஸ்வீடன் நாட்டு ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ரோம் சொன்ன விளக்கம் இது.

பாலிஷ் போட்ட கிரானைட் நனைந்தாலும் அவ்வளவாக மாறாது. அதே கல்லின் கொத்திய முகம் நன்றாகவே கறுக்கும். எண்ணெய் சிந்திய சிமெண்ட் தரையிலும் இதே கதைதான். எண்ணெய் ஆவியாகாது என்பதால் அந்தக் கறுப்பு போவதில்லை.

சுண்ணாம்பு அடிக்கும்போது கணக்கு தலைகீழாகத் தெரியும். ஈரத்தில் சுண்ணாம்பு ஏறக்குறைய கண்ணாடி மாதிரி. பழைய சுவர் அப்படியே தெரியும். காய்ந்து துளைகளில் காற்று புகுந்த பிறகே வெள்ளை வரும். இது தெரியாமல் ‘பிடிக்கவே இல்லையே’ என்று குழம்பாகக் கரைத்து அப்பினால், பிறகு வெடித்து உரியும். பால் பதத்தில் கரைத்து, ஒவ்வொரு கோட்டும் காய்ந்தபின் அடுத்தது என்று இரண்டு மூன்று கோட்டு அடிப்பதே சரி. நல்ல எமல்ஷன் பெயிண்டில் இந்தத் தொல்லை குறைவு. அதிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடின் எண் 2.7, தண்ணீர் சூழ்ந்திருந்தாலும் அது ஒளியைச் சிதறடித்துவிடும்.

ஏமாற்றுவது காயும் கட்டம். புதுப் பூச்சில் முதலில் உள்ளிருக்கும் தண்ணீர் நுண்துளை வழியே முகத்துக்கு ஏறி வந்து ஆவியாகிறது. சுவர் தண்ணீரை இழந்துகொண்டே இருந்தாலும் கறுப்பு குறையாது. அந்த வரத்து அறுந்ததும் ஈரத்தின் எல்லை முகத்தைவிட்டுக் கீழே இறங்கும். அந்த நேரத்தில்தான் சுவர் திட்டுத் திட்டாக வெளுக்கிறது. வெளுத்தது மேல்தோல் மட்டும். மிச்ச ஈரம் இனி நீராவியாக மெல்ல மெல்லத்தான் வெளியேறும்.

க்யூரிங் பார்ப்பவருக்கு, அதாவது கான்கிரீட் இறுகும்வரை அதை ஈரமாக வைத்திருப்பவருக்கு, இந்த வெளுப்பு நல்ல எச்சரிக்கை. கான்கிரீட் வெளுக்கும்வரை காத்திருந்து தண்ணீர் விட்டால் தாமதம்தான். சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் போன்ற பொசோலானா கலந்த PPC சிமெண்டுக்கு 10 நாள் முகம் கறுப்பாகவே இருக்க வேண்டும்.

பெயிண்ட் அடிப்பவர் அதே வெளுப்பை நம்பினால் மாட்டிக்கொள்வார்: உள்ளே தங்கிய ஈரம் பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்கும், உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்து பூக்க வைக்கும். ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலித்தீன் தாள் வெட்டி, நேர்வெயில் படாத இடமாகப் பார்த்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். பிரிக்கும்போது அடியில் சுவர் கறுத்திருந்தாலோ, தாளின் உள்பக்கம் துளி கட்டியிருந்தாலோ பெயிண்ட் டப்பாவைத் திறக்க வேண்டாம்.