விடுதி அறையில் கோழித் தூக்கம்

சென்ற ஆண்டு உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காகத் திருச்சியில் இரண்டு இரவு தங்க வேண்டியிருந்தது. நல்ல அறைதான். சலவை மணக்கும் வெள்ளை விரிப்பு, தடிப்பாக ஒன்றும் மெல்லியதாக ஒன்றுமாகத் தலையணைகள், சுவரில் பெரிய டிவி, குளியலறையில் வரிசையாகச் சின்னச் சின்னக் குப்பிகள். இரவு பதினொரு மணிக்குப் படுத்தேன். ஒன்றரைக்கு ஒரு விழிப்பு, மூன்றுக்கு ஒரு விழிப்பு, நாலே முக்காலுக்கு இன்னொன்று. பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. லிஃப்ட் கதவு திறந்து மூடியது. யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்தார்கள். மேசைக்கடியில் இருந்த ஃபிரிட்ஜ் ஒரு தடவை உறுமி அடங்கியது. வீட்டு வாசலில் நாய்கள் கூட்டம் போட்டு ஊளையிட்டாலும் புரண்டுகூடப் படுக்காத ஆள் நான். மறுநாள் இரவு அதே அறை, அதே லிஃப்ட், அதே உறுமல். அடித்துப் போட்டதுபோலத் தூங்கினேன்.

தூக்க ஆய்வாளர்கள் இதை ‘முதல் இரவு விளைவு’ என்கிறார்கள். தமிழில் அந்தப் பெயர் வேறு எதையோ நினைவூட்டும். நான் வைத்த பெயரல்ல. தலையில் மின்முனைகளை ஒட்டிக்கொண்டு ஆய்வகத்தில் படுப்பவர்கள் முதல் நாள் சரியாகத் தூங்குவதில்லை என்பது 1960களிலேயே தெரிந்த சங்கதி. அதனால் முதல் இரவின் பதிவை உதவாது என்று ஒதுக்கிவிட்டு, இரண்டாம் இரவிலிருந்து கணக்கெடுப்பது ஆய்வகங்களின் வழக்கம். ஒதுக்கப்பட்ட அந்த இரவையே எடுத்து வைத்துப் பார்த்தவர்கள் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் இருந்த மசாகோ தமாகி, யூகா சசாகி குழுவினர்.

2016இல் வெளியான அவர்களுடைய முடிவு விசித்திரமானது. புதிய இடத்தில் படுக்கும் முதல் இரவில், ஆழ்ந்த தூக்கத்திலும் மூளையின் இரண்டு பாதிகள் ஒரே ஆழத்துக்குப் போவதில்லை. ஆழ்ந்த தூக்கத்தின் அடையாளமான மெதுவான அலைகள் இடது பாதியின் ஒரு வலைப்பின்னலில் மட்டும் வலுக் குறைந்து காணப்பட்டன. தூங்குபவர்களின் காதில் ஒரே மாதிரியான ஒலியைத் தொடர்ந்து கேட்கச் செய்து, இடையிடையே மாறான ஓர் ஒலியை நுழைத்தார்கள். பழகிய ஒலிக்கு மூளை அசையவில்லை. மாறான ஒலிக்கு, அதுவும் இடது மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் வலது காதில் விழுந்த ஒலிக்கு, ஆட்கள் சட்டென்று விழித்தார்கள். ஒலி கேட்டால் விரலால் தட்டுங்கள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அந்தத் தட்டலும் விரைவாக வந்தது. அடுத்த முறை அதே இடத்தில் வந்து படுத்தபோது இந்த இடம் வலம் வேறுபாடு காணாமல் போயிருந்தது.

மூளையின் ஒரு பாதி தூங்க, மறுபாதி விழித்திருப்பது டால்பின்களுக்கும் பறவைகளுக்கும் இயல்பு. வரிசையாக உட்கார்ந்து தூங்கும் வாத்துகளில் ஓரத்தில் இருக்கும் வாத்து, கூட்டத்துக்கு வெளிப்பக்கம் பார்க்கும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே உறங்குகிறது என்று 1999இல் ஓர் ஆய்வு காட்டியது. மனிதர்களிடம் இருப்பது அந்த அளவுக்கு முழுமையான பங்கீடு அல்ல; அதன் மங்கலான நிழல் என்று சொல்லலாம். லேசாக, அடிக்கடி விழித்துத் தூங்குவதைக் கோழித் தூக்கம் என்று பெயரிட்டவர் மூளை அலைகளை அளக்கவில்லை. ஆனால் பறவையைப் பிடித்தார் பாருங்கள்!

ஆக, விடுதியில் முதல் இரவு நாம் ஒரு காவல்காரருடன் படுக்கிறோம். அவர் நம் தலைக்குள்ளேயே இருக்கிறார். அவரை வேலையை விட்டு அனுப்ப முடியாது. அவருக்குச் சேதி எதுவும் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஒரு விடுதி தரும் வசதிகளில் உருப்படியானவை எல்லாம் இந்தக் காரியத்தைத்தான் செய்கின்றன என்பது என் கட்சி. குளியலறைக் குப்பிகளைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் உண்டு. கதவின் அடிப்பகுதியை யாரும் படம் எடுப்பதில்லை.

அந்தக் கதவிலிருந்தே தொடங்கலாம். 2 மீட்டர் உயரம், 90 சென்டிமீட்டர் அகலம் உள்ள கதவு. அதன் கீழே 2 சென்டிமீட்டர் இடுக்கு. பார்வைக்கு ஒன்றுமில்லை, செய்தித்தாள் நுழையும், அவ்வளவுதான். பரப்பைக் கணக்கிட்டால் அந்த இடுக்கு கதவில் சரியாக நூற்றில் ஒரு பங்கு. நல்ல கனமான கதவு, தன்மேல் விழும் ஒலி ஆற்றலில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடும். ஒலியை அளக்கும் டெசிபல் கணக்கில் ஆற்றல் பத்தில் ஒன்றாகும்போதெல்லாம் 10 குறையும்; ஆக இங்கே 40 குறையும். ஆனால் இடுக்கு வழியாக நூற்றில் ஒரு பங்கு தங்குதடையின்றி வந்துவிடுகிறது. 40 குறைய வேண்டிய இடத்தில் 20தான் குறைகிறது. அதாவது தேக்கு, பலகை, பூட்டு என்று எவ்வளவு செலவழித்தாலும் அத்தனையும் வாசற்படியோரம் வீணாகிறது. உள்ளே வரும் ஆற்றல் நூறு மடங்கானாலும் காதுக்கு நூறு மடங்காகத் தெரியாது. ஏறக்குறைய நான்கு மடங்கு உரக்கக் கேட்கும். காவல்காரருக்கு அது தாராளம்.

அடுத்த முறை நல்ல விடுதி ஒன்றில் தங்கினால், கதவைத் திறந்து கீல் இருக்கும் பக்கத்து விளிம்பில் அடிப்பகுதியைப் பாருங்கள். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு குமிழ் துருத்திக்கொண்டிருக்கலாம். விரலால் அழுத்தினால் கதவின் அடியிலிருந்து ரப்பர் பட்டை ஒன்று நாக்கு நீட்டுவதுபோல இறங்கி வரும். கதவு மூடும்போது நிலைச்சட்டம் அந்தக் குமிழை அழுத்துகிறது. பட்டை தரையோடு ஒட்டிக்கொள்கிறது. திறந்தால் மேலே ஏறிவிடும், தரையில் உராயாது. மின்சாரமும் வேண்டாம், விருந்தாளி ஏதும் செய்யவும் வேண்டாம். இல்லாத இடத்தில் துண்டை முறுக்கி வாசலோரம் வையுங்கள். பாதிப் பயன் கிடைக்கும்.

சத்தமே இருக்கக் கூடாது என்பதும் இல்லை. ஆய்வில் விழிப்பூட்டியது மாறான ஒலிதான். மின்விசிறி ஓடாவிட்டால் தூக்கம் வராது என்று நம் வீடுகளில் எத்தனை பேர் சொல்கிறார்கள்! குளிர்கால மார்கழியிலும் சுவரைப் பார்த்து ஓட விடுகிறவர்கள் உண்டு. காற்றுக்காக அல்ல. ஏற்றத்தாழ்வில்லாத அந்த இரைச்சல் மற்றச் சின்னச் சத்தங்களை மூடிவிடுகிறது. விடுதிகளில் தொல்லை தருவது ஓடிக்கொண்டே இருக்கும் எந்திரம் அல்ல, நின்று நின்று ஓடும் எந்திரம். அதனால்தான் ஃபிரிட்ஜ் விவகாரம் முக்கியமாகிறது.

வீட்டு ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் உண்டு. அது கிளம்பும்போது ஓர் உதறல், நிற்கும்போது ஓர் உதறல். சமையலறையில் இருக்கும்வரை யாருக்கும் கவலையில்லை. கட்டிலுக்கு ஐந்தடி தள்ளி இருந்தால் இரவு முழுவதும் காவல்காரருக்குத் தகவல் போய்க்கொண்டே இருக்கும். இதற்கு மாற்றாகப் பல விடுதிகள் வைத்திருக்கும் சின்னப் பெட்டியில் கம்ப்ரஸர் கிடையாது, மோட்டார் கிடையாது, அசையும் உறுப்பு ஒன்றுகூடக் கிடையாது. காதை வைத்துக் கேட்டாலும் ஒன்றும் கேட்காது. கெட்டுப்போய்விட்டது என்று ரிசப்ஷனுக்குத் தொலைபேசியில் புகார் சொன்னவன் நான்.

அது எப்படிக் குளிர்கிறது என்பதற்கு நம் வீட்டு மண்பானையை நினைத்துக்கொண்டால் போதும். பானையின் மேல் கசியும் நீர் 100 டிகிரி வரும்வரை காத்திருந்து ஆவியாவதில்லை. சுற்றிலும் காற்று உலர்ந்திருக்கிறது. அதில் நீராவிக்கு இடம் இருக்கிறது. அதனால் நீர் ஆவியாகிறது, அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஊமை ஃபிரிட்ஜில் நீரின் இடத்தில் இருப்பது அமோனியா. உலர்ந்த காற்றின் இடத்தில் ஹைட்ரஜன். திரவ அமோனியா ஹைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் வழியும்போது ஆவியாகிறது, பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சுகிறது.

பானைக்கு ஊரெல்லாம் காற்று இருக்கிறது. இங்கே எல்லாம் அடைத்த குழாய்க்குள் என்பதால் ‘காற்றை’ மறுபடி உலர்த்தியாக வேண்டும். அந்த வேலை தண்ணீருக்கு. அமோனியாவை அவ்வளவு ஆசையாகக் கரைத்துக்கொள்ளும் திரவம் வேறில்லை என்றே சொல்லலாம். அமோனியா கலந்து கனத்த ஹைட்ரஜன் கீழே இறங்க, அங்கே வழிந்துகொண்டிருக்கும் தண்ணீர் அமோனியாவைக் குடித்துவிடுகிறது. லேசான ஹைட்ரஜன் தானாக மேலே திரும்புகிறது. அமோனியா நிறைந்த தண்ணீரை ஒரு சின்ன மின்சூடேற்றி கொதிக்க வைக்கிறது. அடுப்பில் பொங்கும் பால் குமிழோடு சேர்ந்து மேலே ஏறுவதுபோல, அமோனியாக் குமிழ்கள் மெல்லிய குழாயில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஏறுகின்றன. பம்ப் வேலையும் அத்தோடு முடிந்தது. பிரிந்த அமோனியா பின்புறக் குழாய்களில் வெப்பத்தை விட்டுத் திரவமாகி மறுபடி பெட்டிக்குள் வழிகிறது. அடுப்பை எரித்துக் குளிர் உண்டாக்குகிற வித்தை இது. மண்ணெண்ணெய் விளக்குச் சுடரில் ஓடிய ஃபிரிட்ஜ்கள் இதே முறையில்தான் இயங்கின.

1922இல் ஸ்டாக்ஹோமில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த பால்ட்சார் ஃபான் பிளாட்டன், கார்ல் முண்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் கண்டுபிடித்தது இந்த முறை. 1925இல் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் வாங்கி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அசையும் உறுப்பில்லாத குளிர்பதனம் அப்போது பலரையும் ஈர்த்தது. ஐன்ஸ்டைனும் இயற்பியலாளர் லியோ சிலார்டும் சேர்ந்து வேறொரு வடிவம் செய்து 1930இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருக்கிறார்கள். விடுதி அறைக்குள் ஃபிரிட்ஜ் வந்த கதை தனி. 1974இல் ஹாங்காங் ஹில்டன் விடுதி அறைதோறும் ஃபிரிட்ஜில் மதுவகைகளை நிரப்பி வைத்து லாபம் பார்த்தது. நம் தூக்கத்தின் மேல் அக்கறை வந்து யாரும் தொடங்கவில்லை.

இந்தப் பெட்டிக்குக் குறைகளும் உண்டு. கம்ப்ரஸர் ஃபிரிட்ஜைவிட மின்சாரம் அதிகம் தின்னும், குளிர்விக்கும் திறன் குறைவு. எல்லாம் ஈர்ப்பு விசையால் வழிவதால் பெட்டி மட்டமாக நிற்க வேண்டும். சாய்த்து வைத்தால் ஓட்டம் தடைபடும். பின்புறம் காற்றோட்டம் வேண்டும். அழகுக்காகத் தச்சர் நாலாபுறமும் பலகை அடித்துவிட்ட அலமாரியில் தண்ணீர் பாட்டில் வெதுவெதுவென்றுதான் இருக்கும். பின்புறக் குழாயில் மஞ்சள் பொடி படிந்திருந்தால் உள்ளே துருத் தடுப்பாகக் கலந்திருக்கும் குரோமேட் கசிகிறது என்று பொருள். அந்தப் பெட்டியின் ஆயுள் முடிந்தது.

திரைச்சீலைக்கும் கதவின் கதைதான். துணி எவ்வளவு தடிப்பு என்பதில் அல்ல, ஓரத்தில்தான் சூட்சுமம். இருட்டடிப்புத் துணியில் இரண்டு வெள்ளைப் பூச்சுகளுக்கு நடுவே கறுப்புப் பூச்சு ஒன்று ஒளிந்திருக்கும். அதைத் தாண்டி ஒளி வராது. நடுவில் இரண்டு சீலைகளும் சேராத விரலகல இடைவெளி வழியாகத் தெருவிளக்கு நேராகக் கண்ணுக்கு வரும். கண்ணில் பார்ப்பதற்கான செல்களைத் தவிர, வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் மூளையின் கடிகாரத்துக்குச் சொல்லும் செல்களும் உண்டு. இவை தாமாகவே ஒளியை உணர்கின்றன என்பதை 2002இல் டேவிட் பெர்சன் குழு காட்டியது. அதுவும் அதே பிரவுன் பல்கலைக்கழகம். நீல ஒளியில் இவை அதிகம் விழிப்படைகின்றன, செம்மஞ்சள் ஒளியில் மிகக் குறைவாக. கட்டிலுக்கடியில் கால் வைத்ததும் மங்கலான மஞ்சள் விளக்கு எரியும் அறைகளைப் பார்த்திருப்பீர்கள். நடுநிசியில் குளியலறைக்குப் போய்த் திரும்பி மறுபடி தூங்க அதைவிட நல்ல உபகாரம் இல்லை. சீலை இடைவெளிக்கு, அலமாரியில் தொங்கும் கிளிப் வைத்த ஹேங்கரை எடுத்து இரண்டு சீலைகளையும் சேர்த்துக் கவ்வ வையுங்கள்.

இன்னும் ஒன்று, பாதம். தூங்கப் போகும்போது உடலின் உள்வெப்பம் இறங்க வேண்டும். அந்த வெப்பம் வெளியேறும் வாசல்கள் உள்ளங்கையும் உள்ளங்காலும். பாதம் கதகதப்பாக இருந்தால் அங்கே ரத்தக் குழாய்கள் விரிந்து வெப்பம் வெளியேறும், தூக்கம் விரைவில் வரும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் 1999இல் இதைக் காட்டினார்கள். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன் 40 முதல் 42 டிகிரி வரையிலான வெந்நீரில் பத்து நிமிடம் குளித்தாலும் இதுவே நடக்கிறது. குளிரூட்டிய அறையும் கனத்த போர்வையும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றினாலும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கங்கள்தான். முகத்துக்குக் குளிர், காலுக்குச் சூடு. சில்லென்ற டைல்ஸ் தரைக்காக அவர்கள் வைக்கும் மெல்லிய செருப்பை இனிக் கேலி செய்ய மாட்டேன்.

1952இல் மெம்ஃபிஸ் நகரில் ஹாலிடே இன் தொடங்கிய கெமன்ஸ் வில்சன், எந்த ஊரிலும் ஒரே மாதிரி அறை என்பதை வியாபாரமாக்கினார். அலுப்பூட்டும் அறைகள் என்று நாம் பழிக்கும் அந்த ஒற்றுமைக்கும் காவல்காரரைச் சமாதானப்படுத்தும் குணம் இருக்கும் என்பது என் ஊகம். இதற்கு ஆய்வுச் சான்று கேட்காதீர்கள். என்னிடம் சித்தப்பாதான் இருக்கிறார். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக முப்பது ஆண்டு ஊர் ஊராகச் சுற்றியவர். எந்த ஊரானாலும் ஒரே லாட்ஜ், ஒரே அறை. கிளம்பும் முன்பே அழைத்து, “தம்பி, 204 காலியாக இருக்கிறதா?” என்பார். இல்லையென்றால் பயணத்தை ஒருநாள் தள்ளிப் போடுவார்.

ஒருமுறை அந்த 204இல் அவருடன் நானும் தங்கினேன். ஏ.சி. கிடையாது. கதவின் கீழே எலி நுழையலாம். மேலே மின்விசிறி நொடிக்கொரு தரம் ‘டொக்’ என்றது. இதில் எப்படித் தூங்குகிறீர்கள் சித்தப்பா என்று கேட்டேன்.

“எதில்?” என்றார்.