மருமகள் உண்டானால் பூனையை விரட்ட வேண்டுமா?

"மருமகள் உண்டாகியிருக்கிறாள் டாக்டர். பூனையை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாமா?" பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிற எவருக்கும் பழக்கமான கேள்வி இது. நான் பதிலுக்கு மூன்று கேட்பேன்: லிட்டர் பாக்ஸை, அதாவது பூனை மலம் கழிக்கும் தட்டை, யார் அள்ளுகிறார்கள்? தினமும் அள்ளுகிறார்களா? பூனைக்கு என்ன தீனி?

வயிற்றுக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற இந்தப் பயத்துக்குக் காரணம் டாக்ஸோபிளாஸ்மா கோண்டி என்ற ஒட்டுண்ணி. எலி, குருவி, பச்சை இறைச்சி என எதன் வழியாகவோ இது முதன்முறை தொற்றும்போது, பூனை ஒன்று முதல் மூன்று வாரம் வரை லட்சக்கணக்கான ஊசிஸ்டுகளை மலத்தோடு வெளியேற்றும். கண்ணுக்குத் தெரியாத முட்டை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எதிர்ப்பு சக்தி வந்துவிடும். அதே பூனை மறுபடி வெளியேற்றுவது அரிது. அதனால்தான் "பூனைக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்" என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்கிறேன். ரத்தத்தில் ஆன்டிபாடி (தொற்றை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள்) இருக்கிற பூனை பெரும்பாலும் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்ட பூனை.

முக்கியமான விஷயம் நேரம். மலத்தோடு வந்த ஊசிஸ்ட் உடனே தொற்றாது. முதிர 1 முதல் 5 நாள் ஆகும். தினமும் அள்ளினால் ஆபத்து முதிர்வதற்குள் குப்பைக்குப் போய்விடும். வாரம் ஒருமுறை அள்ளுகிற வீட்டில்தான் எனக்குக் கவலை. கர்ப்பிணி இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடட்டும். முடியாவிட்டால் கையுறை போட்டுக்கொண்டு, முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். பிளீச்சிங் பவுடர் கரைசலை நம்ப வேண்டாம், ஊசிஸ்ட் அதற்கு அசையாது. தட்டைக் கொதிக்கும் நீரால் கழுவுங்கள். அள்ளியதைக் கழிப்பறையில் கொட்டாமல், பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

தடவினால், மடியில் வைத்தால் தொற்றிவிடும் என்ற பயம் மிகை. பூனை தன் உடம்பை நக்கிச் சுத்தமாக வைத்திருக்கும்; ரோமத்தில் மலம் நாள்கணக்கில் ஒட்டியிருப்பதில்லை.

பூனையையே பார்த்துக்கொண்டிருந்தால் மற்ற வழிகள் மறந்துபோகும். ஈர மண்ணில் ஊசிஸ்ட் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். மாடித் தோட்டத்துத் தொட்டி மண், கழுவாத கீரை, அரைவேக்காட்டு ஆட்டுக்கறி எல்லாமே வழிதான். 2004-05இல் கோயம்புத்தூரில் இந்த ஒட்டுண்ணியால் வரும் டாக்ஸோபிளாஸ்மோசிஸ் நோய், கண்ணைத் தாக்கும் வடிவில் திடீரென்று பெருகியபோது, சந்தேகம் விழுந்தது நகரின் குடிநீர்மேல். 1995இல் கனடாவின் விக்டோரியா நகரிலும் நீர்த்தேக்கத்து நீர்தான் சந்தேகத்துக்கு உள்ளானது. பூனை வளர்க்காத வீட்டிலும் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கருவுக்கு ஆபத்து, பெரும்பாலும் தாய்க்குக் கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றும்போதுதான். ஆரம்ப மாதங்களில் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு குறைவு, பரவினால் பாதிப்பு அதிகம். கடைசி மாதங்களில் நேர்மாறு. கர்ப்பிணிகளுக்குச் சில தொற்றுகளைத் தேடும் ரத்தப் பரிசோதனையான டார்ச் டெஸ்டில் ஐஜிஜி (தொற்றுக்குப் பின் நெடுநாள் தங்கும் ஆன்டிபாடி) பாசிட்டிவ் என்று வந்ததும் அழுதுகொண்டு வருகிறார்கள். ஐஜிஎம் (தொற்றின் ஆரம்பத்தில் வரும் ஆன்டிபாடி) நெகட்டிவாக இருந்து, ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்றால், பொதுவாக அது பழைய தொற்றின் தடயம். ஐஜிஎம்மும் பாசிட்டிவ் என்றால், தொற்று புதியதா பழையதா என்று கணிக்க உதவும் அவிடிட்டி பரிசோதனை தேவையா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். அது என் வேலை இல்லை, அவருடைய வேலை.

தீனி விஷயம் என் வேலை. கோழிக்கடையிலிருந்து வாங்கி வரும் பச்சைக் கழிவைப் பூனைக்கு அப்படியே போடாதீர்கள். வேகவைத்துப் போடுங்கள். பூனையை வெளியே வேட்டைக்கு விடாதீர்கள். பிரசவம் வரை தெருவிலிருந்து புதுக் குட்டி எதையும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். முதல் தொற்று பெரும்பாலும் குட்டிப் பருவத்தில்தான் வரும். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், கீமோ எடுப்பவர்கள், எச்ஐவி உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களும் லிட்டர் பாக்ஸ் பக்கம் போக வேண்டாம். எதிர்ப்பு சக்தி குறைந்தால், உடம்பில் உறங்கிக் கிடக்கும் பழைய தொற்று மூளையில் தலைதூக்கக்கூடும். அதனால், வீட்டில் பூனை இருப்பதை அவர்கள் தங்கள் மருத்துவரிடம் சொல்லி வைக்க வேண்டும்.